கைக்குழந்தைக்கும் விமானத்தில் தனி இருக்கை வேண்டும்

2 வயது நிறையாத குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பறக்கலாம் என்று பெரும்பாலான நாடுகளின் விதிகள் அனுமதிக்கின்றன. அனுமதி இருப்பதாலேயே அது ஆபத்தற்றது என்று பெற்றோர் எண்ணிவிடுகிறார்கள். கைப்பையைக்கூட இருக்கைக்கு அடியில் தள்ளி வைக்கச் சொல்லும் விமானத்தில், குழந்தை மட்டும் எந்தப் பிடிப்பும் இல்லாமல் நம் கைகளுக்குள் இருப்பது எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருக்கிறது.

தாயின் பிடியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் விமானம் சட்டென்று வேகம் இழந்து, புவியீர்ப்பைப் போல் 9 மடங்கு விசை தாக்கினால், 10 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்த 90 கிலோவைத் தாங்கும் வலு வேண்டும். அது எந்தக் கைக்கும் இயலாத காரியம்.

1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் சூ சிட்டியில் யுனைடெட் 232 விமானம் அவசரமாகத் தரையிறங்கியபோது, மடியில் இருந்த 4 குழந்தைகளைத் தரையில் கிடத்திப் பிடித்துக்கொள்ளுமாறு அன்றைய நடைமுறைப்படி சொல்லப்பட்டது. அவர்களில் ஒரு குழந்தை இறந்துபோனது. அந்த அறிவிப்பைச் செய்த தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன், பின்னர் பல ஆண்டுகள் இந்த விதியை மாற்றக் கோரிப் போராடினார். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமும் அதையே பரிந்துரைத்தது. ஆனால் தனி இருக்கையைக் கட்டாயமாக்கினால் செலவுக்கு அஞ்சிக் குடும்பங்கள் காரில் செல்லும், சாலையில் இன்னும் அதிகமானோர் இறப்பார்கள் என்று சொல்லி விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2005-இல் மறுத்துவிட்டது. இந்த வாதத்தை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். எனினும் அது ஒரு நாட்டுக்கே விதி வகுப்பவரின் கணக்கு, விமானத்தில் போவதென்று ஏற்கெனவே முடிவுசெய்துவிட்ட பெற்றோருக்கு அது பொருந்தாது.

பெரியவரின் பெல்ட்டோடு கோத்துக் குழந்தையின் இடுப்பில் மாட்டும் கூடுதல் பெல்ட் ஐரோப்பாவில் கட்டாயம். அமெரிக்காவிலோ அதற்கு அனுமதி இல்லை. காற்றுக் கொந்தளிப்பில் குழந்தை தூக்கியெறியப்படாமல் அது காக்கும். மோதலின்போதோ, முன்னே மடங்கும் பெரியவரின் உடல் குழந்தையை நசுக்கக்கூடும்.

ஆகவே முடிந்தவர்கள் தனி இருக்கை எடுத்து, விமானத்தில் பயன்படுத்தலாம் என்று முத்திரையிடப்பட்ட கார் சீட்டை, அதாவது குழந்தையை வாரால் கட்டி உட்கார வைக்கும் சிறு இருக்கையை, கொண்டுபோவதே நல்லது. அவசரத்தில் யாருக்கும் வழி மறிக்காதபடி அதைச் சன்னலோரத்தில் பொருத்த வேண்டும்; அவசர வழி வரிசையில் கூடாது. விமான இருக்கையின் பெல்ட்டைக் கார் சீட்டில் அதற்குரிய துளை வழியே முறுக்கில்லாமல் நுழைத்து, கார் சீட்டின்மேல் ஒரு கையை அழுத்தி ஊன்றிக்கொண்டு, மறு கையால் நுனியை இழுத்து இறுக்குங்கள். பிறகு பெல்ட் செல்லும் இடத்தைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள்: ஓர் அங்குலத்துக்கு மேல் நகர்ந்தால் இறுக்கம் போதாது. கொக்கி குழந்தையின் முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும் மாதிரிகள் உண்டு என்பதால், குழந்தையை உட்கார வைக்கும் முன்பே அதைத் திறந்து மூடிப் பார்த்துவிட வேண்டும்.

10 முதல் 20 கிலோ வரையுள்ள, தனியே நிமிர்ந்து உட்காரும் குழந்தைக்கு, இருக்கையின் முதுகைச் சுற்றிக் கட்டும் கேர்ஸ் என்ற தோள்பட்டை வார் இருக்கிறது, சுமக்கவும் எளிது. தனி இருக்கை வாங்க இயலாதவர்கள் கார் சீட்டை விமான வாசல்வரை எடுத்துச் சென்று, பக்கத்து இருக்கை காலியா என்று பணியாளரிடம் கேட்கலாம். இடம் இருந்தால் பல நிறுவனங்கள் கட்டணமின்றியே அனுமதிக்கின்றன.