யூரிக் ஆசிட் ஏழைத் தாண்டினால் பருப்பை நிறுத்தணுமா?

சர்க்கரை உள்ள ஆண்கள் இப்போதெல்லாம் ரத்தப் பரிசோதனைத் தாளில் யூரிக் ஆசிட் வரியைத்தான் முதலில் விரல் வைத்துக் காட்டுகிறார்கள். அது ஏழைத் தாண்டிவிட்டால், பருப்பால்தான் ஏறியது என்று வீட்டில் பருப்பு நின்றுபோகிறது. அடுத்து சுண்டல், அப்புறம் முட்டையும். நான் பிசியோதெரபிஸ்ட். தாளை வாங்கும் முன் கெண்டைக்காலைப் பார்ப்பது என் வழக்கம்.

பாளையங்கோட்டையில் ஒரு அண்ணாச்சி, ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். யூரிக் ஆசிட் 7.4. கால் கட்டைவிரல் வீங்கியதோ, மூட்டு சிவந்து வலித்ததோ ஒருநாளும் இல்லை. "பருப்பத் தொட்டே பல மாசம் ஆச்சும்மா, ரசம்கூட வீட்டுக்காரி தெளிவாத்தான் ஊத்துதா" என்றார். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொன்னேன். மூன்றாவதிலேயே இரண்டு கையும் தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டன. வேட்டியை மடித்துக் கட்டச் சொல்லிக் கெண்டைக்காலில் டேப்பைச் சுற்றினால் 31 சென்டிமீட்டர். ஆசிய ஆண்களுக்கு 34-க்குக் கீழே போனாலே தசை கரைகிறதா என்று பார்க்க வேண்டும். ஐந்து தடவை எழுந்து உட்கார 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனாலும் அப்படித்தான். தொப்பை அப்படியே இருந்ததால் அவர் இளைத்தது வீட்டில் யார் கண்ணிலும் படவில்லை.

எனக்கு இதில்தான் ஆற்றாமை. சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையை அதிகம் இழுத்துக்கொள்வது தசை. அது கரைந்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கஷ்டமாகிவிடும்.

யூரிக் ஆசிட்டில் பெரும்பங்கு உடம்பே உண்டாக்குவது. சாப்பாட்டால் வருவது கொஞ்சம்தான். ஈரல், மத்தி, நெத்திலி, பீர், இனிப்புக் குளிர்பானம் இவற்றைக் குறைக்கச் சொன்னால் அர்த்தம் இருக்கிறது. துவரம்பருப்பால் கவுட் (யூரிக் ஆசிட் மூட்டில் படிந்து வீங்கி வலிக்கும் நோய்) வருகிறது என்று ஆய்வுகள் காட்டவில்லை. உடம்பில் யூரிக் ஆசிட்டாக மாறும் பியூரின் முட்டையில் மிகக் குறைவு. பாலும் தயிரும் நல்லதே செய்கின்றன.

யூரிக் ஆசிட் குறைவாக இருந்தால் நிம்மதி என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. சர்க்கரை கட்டுமீறிச் சிறுநீரில் இறங்கும்போது யூரிக் ஆசிட்டும் கூடவே வெளியேறும். தாளில் எண் அழகாக இருக்கும், உள்ளே தசை போய்க்கொண்டிருக்கும். யூரிக் ஆசிட் கூடினால் தசை குறைகிறது என்றும், முதியவர்களில் அது கூடியவர்களுக்குக் கைப்பிடி வலு அதிகம் என்றும் இரண்டு விதமாகவும் ஆய்வுகள் வந்திருக்கின்றன. அந்த ஒரு எண்ணை வைத்துத் தட்டில் இருப்பதை எடுக்காதீர்கள் என்று நான் மன்றாடுவது இதனால்தான். கிட்னி பாதிப்பு உள்ளவர்கள் மட்டும் புரத அளவை டாக்டரிடம் கேட்டே முடிவு செய்யணும். தசை குறைந்தவர்களுக்குக் கிட்னி எப்படி இருக்கிறது என்று பார்க்கும் கிரியாட்டினின் எண்ணும் குறைத்தே காட்டும் என்பதால் அந்த எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம்.

அண்ணாச்சியின் மாத்திரை அட்டைகளை எல்லாம் எடுத்துவரச் சொன்னேன். பிரஷர் மாத்திரையோடு தையசைடு சேர்ந்திருந்தது. சிறுநீரைக் கூட்டும் அந்த மருந்து யூரிக் ஆசிட்டை ஏற்றும். அவருடைய டாக்டர் அதை நிறுத்தி லோசார்டன் என்ற வேறு பிரஷர் மாத்திரைக்கு மாற்றினார். கிட்னி நன்றாக இருக்கிறது, பருப்பு சாப்பிடலாம் என்றும் சொல்லிவிட்டார். மதியம் கெட்டிப் பருப்பு, காலையில் முட்டை, தினமும் நாற்காலிப் பயிற்சி என்று ஆரம்பித்தோம். கெண்டைக்கால் அளவு இன்னும் ஏறவில்லை, அதற்கு நாளாகும். ஆனால் ஐந்து தடவையும் கை ஊன்றாமல் எழுந்துவிடுகிறார். பருப்பு சாப்பிட ஆரம்பித்த பிறகு பார்த்த யூரிக் ஆசிட் 6.3.