ஓடையில் புளித்த வாடை

இன்று கொடைக்கானல் மலைப்பக்கம், தாண்டிக்குடி ஊருக்குக் கீழே ஓடையில் கை வைத்தேன். கொழகொழவென்று வழுக்கியது. கல் இடுக்கெல்லாம் சிவப்புத் தோல், புளித்த வாடை.

"காப்பிப் பழம் உரிக்கிற சீசன் தம்பி, அப்படித்தான் இருக்கும்" என்றார் கூட வந்த அண்ணன்.

கொட்டையில் ஒட்டிய பசையைப் புளிக்கவைத்துக் கழுவிய தண்ணீர் அது. அதிலிருக்கும் சர்க்கரைக்கு நுண்ணுயிர்கள் பெருகி, ஓடையின் ஆக்சிஜனைத் தின்றுவிடும். அப்புறம் மீனுக்கு மூச்சு ஏது?

குழியில் மக்கவைத்தால் அதே தோல் தோட்டத்துக்கு எரு.

நிமிர்ந்து பார்த்தேன். பலாவும் அத்தியும் நின்ற சரிவில் வரிசையாகச் சில்வர் ஓக். ஆஸ்திரேலியா மரம். நேராக வளரும், மிளகுக்கொடி ஏறும், வெட்டினால் காசு. சரி, தோட்டம் வைத்திருப்பவருக்குத்தானே கஷ்டம் தெரியும்.

குக்குறுவான் பறவையின் சத்தம் மட்டும் கேட்டது, மிச்சமிருந்த ஒற்றை அத்தியிலிருந்து.