ஆசியக் கலை வரலாறு படிச்சப்போ நான் பார்க்கக் கத்துக்கிட்ட கதை

இந்த கோர்ஸ்ல சேர்ந்த புதுசுல எனக்குத் தெரிஞ்சதெல்லாம் மனப்பாடம்தான். ஸ்லைடு டெஸ்ட்னு வைப்பாங்க, ஸ்க்ரீன்ல ஒரு சிலையோ ஓவியமோ வரும், எந்த ஊர், எந்தக் காலம், என்ன கல்லுன்னு எழுதணும். ராத்திரி பூரா உருப்போட்டுட்டுப் போயும் மொத டெஸ்ட்ல பாதிக்கு மேல தப்பு. இப்போ பாகிஸ்தான் பக்கம் இருக்கிற காந்தாரத்து புத்தரையும் யமுனைக்கரை மதுரா புத்தரையும் மாத்தி மாத்தி எழுதி வச்சிருந்தேன், ரொம்ப அழுகையா வந்துச்சு.

அப்புறம் எங்க மேடம் சொன்னாங்க, தேதியை விடு, பென்சில எடுத்து வரைஞ்சு பாருன்னு. எனக்கு வரையவே வராது, ஆனா வரைய உக்காந்தாத்தான் கண்ணு ஒவ்வொண்ணா கவனிக்குது. காந்தாரத்துல சாம்பல் நிற சிஸ்ட் கல்லு, அலை அலையா முடி, ரெண்டு தோளையும் மூடி கனமான துணி மடிப்பு மடிப்பா விழும், கிரேக்க ரோமானிய சிலைங்க சாயல். மதுராவுல செம்மணற்கல், உடம்போட ஒட்டின மெல்லிசு துணி, பழைய சிலைகள்ல வலது தோள் திறந்திருக்கும், உச்சியில சங்கு மாதிரி சுருட்டின கொண்டை. ரெண்டுமே குஷாண ராஜாக்கள் ஆண்ட காலம்தான்! அதுக்கப்புறம் எனக்கு அது குழம்பவே இல்ல.

என்னை அப்படியே பிடிச்சு உக்கார வச்சது மத்தியப் பிரதேசத்து சாஞ்சி ஸ்தூபியோட கிழக்குத் தோரணம், அதாவது சிற்பம் செதுக்கின கல் வாசல். பின்னாடி புத்தரான சித்தார்த்தர் அரண்மனையை விட்டுப் போற காட்சி, கிமு 1ஆம் நூற்றாண்டு வேலை. ஒரே குதிரை திரும்பத் திரும்ப வருது, முதுகுல ஆளே இல்ல, மேல குடை மட்டும் பிடிச்சிருக்காங்க, கடைசியில ரெண்டு பாதம், அப்புறம் குதிரை வெறுமனே திரும்பி வருது. புத்தரை உருவமா காட்டாம காலடி, குடை, காலி ஆசனம்னு காட்டின காலம் அது. அந்தப் பாதத்துக்கு என்ன அர்த்தம்னு தெரியாம பார்த்திருந்தா நான் வெறும் குதிரை ஊர்வலம்னுதான் நினைச்சிருப்பேன்.

சீனச் சுருள் ஓவியத்துக்கு வேற மாதிரி பார்க்கணும். சோங் அரச வம்சத்துக் காலத்து ஓவியர் ஜாங் ஜெதுவான் வரைஞ்ச சிங்மிங் ஆத்தங்கரை ஓவியம் 5 மீட்டருக்கு மேல நீளம், உயரம் 25 சென்டிமீட்டர்கூட இல்ல. புத்தகத்துல அதை ஒரு கோடு மாதிரி அச்சடிச்சிருந்தாங்க, ஒண்ணும் புரியல. வகுப்புல ஒரு நகலை மேஜையில வச்சு, வலப்பக்கத்துலேர்ந்து ஒரு கை அகலம் பிரிச்சு, பார்த்து முடிச்சதை சுருட்டிக்கிட்டே போனோம், நடுவுல பாலம் வந்துச்சு, பாய்மரம் இன்னும் முழுசா சாயாம ஒரு படகு பாலத்துல மோதப் போகுது, மேல ஜனங்க கைய ஆட்டிக் கத்துறாங்க, நாங்களும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அடுத்த பக்கம் பிரிச்சோம்.

கடைசி பரீட்சையில நான் பார்த்தே இராத ஒரு சிலையை ஸ்லைடுல போட்டாங்க. சிவப்புக் கல்லு, வலது கை பயப்படாதேன்னு உள்ளங்கையைக் காட்டுற அபய முத்திரை, இடது கை முஷ்டியா முழங்கால் மேல. மதுரான்னு எழுதி, ஏன்னு ஒரு பக்கம் எழுதினேன். சரியா இருந்துச்சு.