நவகுஞ்சரத்தின் நாலாவது கால்

புரியிலிருந்து புவனேஸ்வர் போகும் சாலையில் சந்தன்பூரில் இறங்கி ஆட்டோ பிடித்தால் ரகுராஜ்பூர் வந்துவிடும். ஒடிசி நடன குரு கேளுசரண் மகாபாத்ரா பிறந்த ஊர். வீட்டுக்கு வீடு பட்டசித்திரம், அதாவது ஒடிசாவின் துணி ஓவியம், எழுதுகிறார்கள். திண்ணையைத் தாண்டுவதற்குள் "உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போங்கள், வாங்க வேண்டாம்" என்று இழுத்துவிடுவார்கள். வாங்காமல் வெளியே வருவது கஷ்டம்தான்.

நான் பார்க்க நினைத்தது நவகுஞ்சரத்தை. வியாச பாரதத்தில் இது கிடையாது; 15-ஆம் நூற்றாண்டில் சாரளா தாசர் ஒடியாவில் பாடிய மகாபாரதத்தில் வருகிறது. மலையில் தவமிருக்கும் அர்ஜுனன் முன்னால் கிருஷ்ணன் ஒரு விசித்திர மிருகமாக வந்து நிற்கிறான். சேவல் தலை, மயில் கழுத்து, காளைத் திமில், சிங்க இடுப்பு, வாலாகப் பாம்பு. ஒரு கால் யானையுடையது, ஒன்று புலியுடையது, மூன்றாவது மானாகவோ குதிரையாகவோ இருக்கும்; அது எழுதுகிறவரைப் பொறுத்தது. நாலாவது, கால் அல்ல. மனிதக் கை. பெரும்பாலும் தாமரை பிடித்திருக்கும், சில படங்களில் சக்கரம்.

பயந்துபோய் வில்லை எடுத்த அர்ஜுனன் அந்தக் கையைப் பார்த்ததும் வந்திருப்பது யாரென்று புரிந்து வணங்குகிறான். எல்லா உயிரிலும் இறைவன் இருக்கிறான் என்பது இந்தப் படத்துக்கு எல்லோரும் சொல்லும் விளக்கம். சரி, இருக்கட்டும். எனக்கென்னவோ கேலி அர்ஜுனன் மேல் என்றே தோன்றியது. எட்டு உயிர்களாக வந்தும் அடையாளம் தெரியவில்லை. தன்னைப் போல ஒரு கை தெரிந்த பிறகுதான் தெரிகிறது. படத்திலும் மிருகமே இடத்தை அடைத்துக்கொள்ள, மகாவீரன் ஓரத்தில் சின்னதாகக் கைகூப்பி நிற்கிறான்.

துணியில் புளியங்கொட்டைப் பசையும் சுண்ணாம்புப் பொடியும் பூசி, காயவைத்து, தேய்த்து வழவழப்பாக்கிய பிறகே தூரிகை எடுக்கிறார்கள். வெள்ளை சங்கிலிருந்து, கறுப்பு விளக்குப் புகையிலிருந்து, சிவப்பு இங்குலிகக் கல்லிலிருந்து. நிறம் ஒட்டிக்கொள்ள விளாம்பிசின். புரியில் ஸ்நான பூர்ணிமையன்று நீராட்டிய பிறகு ஜெகந்நாதருக்குக் காய்ச்சல் என்று நடை சாத்தியிருக்கும் நாட்களில், சிலைகளுக்குப் பதிலாகப் பூஜை ஏற்பவையும் இப்படி எழுதிய படங்களே.

அப்புறம் கஞ்சபா சீட்டு. அதே துணியில் வட்டமாக வெட்டி எழுதிய சீட்டுக்கட்டு. சில கட்டுகளில் நவகுஞ்சரம்தான் ராஜா, அர்ஜுனன் மந்திரி. சீட்டாட்டத்திலும் அவனுக்கு இரண்டாவது இடம்தான்.