திருச்சபை வரலாறு தாள்: ஒரே ஒரு பேராயரைப் பிடித்துக்கொள்ளுங்கள்

பி.டி. (இறையியல் பட்டப்படிப்பு) ரிசல்ட் வந்துவிட்டது. எல்லாரும் பயமுறுத்திய திருச்சபை வரலாற்றில்தான் எனக்கு அதிக மார்க். "வருஷங்களை மட்டும் உருப்போடு, போதும்" என்று ஒரு சீனியர் சொன்னார். அவர் பேச்சைக் கேட்டிருந்தால் இந்நேரம் அரியருக்குப் பணம் கட்டிக்கொண்டிருப்பேன்.

என் வழி வேறு. ஒரு ஆளின் வாழ்க்கையைக் கரைத்துக் குடித்துவிட்டு, கேள்விகளை அவரிடம் கொண்டுபோவது. நம் ஆட்கள் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரான அசரியாவை எடுப்பார்கள்: 1912, தோர்ணக்கல், எடின்பரோ மிஷனரி மாநாட்டுப் பேச்சு. திருத்துகிறவருக்கு அது சலித்துப் போயிருக்கும். நான் எடுத்தது சாமுவேல் சீபரி, அமெரிக்க எபிஸ்கோப்பல் திருச்சபையின் (இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த அமெரிக்கச் சபை) முதல் பேராயர்.

1729இல் கனெக்டிகட்டில் பிறந்தவர். யேலில் படிப்பு, எடின்பரோவில் மருத்துவம். குருப்பட்டம் வாங்க மட்டும் 1753இல் லண்டன் போக வேண்டியிருந்தது, ஏனென்றால் அமெரிக்கக் காலனிகளில் பட்டம் கொடுக்க ஒரு பேராயர்கூட இல்லை. இந்த வரியை அடிக்கோடிடுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

அமெரிக்கப் புரட்சி வந்தபோது சீபரி பிரிட்டிஷ் மன்னர் பக்கம். 'வெஸ்ட்செஸ்டர் விவசாயி' என்ற புனைபெயரில் துண்டுநூல்கள் எழுதினார். மறுப்பு எழுதியவர் இளைஞரான அலெக்சாண்டர் ஹாமில்டன். 1775இல் புரட்சிக்காரர்கள் சீபரியைப் பிடித்துக் காவலில் வைத்தார்கள். 1783இல் வுட்பரியில் கூடிய கனெக்டிகட் குருமார் அவரைப் பேராயராகத் தேர்ந்தெடுத்தார்கள். சரி, அபிஷேகம் செய்வது யார்? இங்கிலாந்துச் சட்டப்படி மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும். புதிய நாட்டின் பேராயர் அதை எடுக்க முடியாது. மன்னருக்காகச் சிறை போனவரை அதே மன்னர் பெயரிலான பிரமாணம் வாசலில் நிறுத்தியது! விடையை நான் இந்த இடத்தில்தான் தொடங்கினேன்.

அப்புறம் ஸ்காட்லாந்து. 1688 இங்கிலாந்துப் புரட்சிக்குப்பின் புதிய மன்னர் வில்லியமுக்குப் பிரமாணம் எடுக்க மறுத்து, அரசு அங்கீகாரத்தை இழந்த பேராயர்களின் சபை அது. அங்கே ஆங்கிலச் சட்டத்தின் தடை கிடையாது. 1784 நவம்பர் 14, அபர்டீனில் கில்கூர், பெட்ரி, ஸ்கின்னர் மூவரும் கைவைத்து அபிஷேகம் செய்தார்கள்.

இனி, எந்தக் கேள்விக்கு எதை எழுதுவது:

- அரசும் சபையும்: 1786இல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் அந்தப் பிரமாணச் சட்டத்தைத் தளர்த்தியது. 1787இல் அமெரிக்கர்களான வைட், புரோவூஸ்ட் இருவருக்கும் லண்டன் லாம்பெத்தில் பேராயர் அபிஷேகம்.
- அப்போஸ்தல வழித்தொடர் (அப்போஸ்தலர் காலம் முதல் பேராயர்கள் கைவைத்துத் தொடரும் வரிசை): 1792, அமெரிக்காவில் கிளாகெட் என்பவரின் பேராயர் அபிஷேகம். ஆங்கில வழியும் ஸ்காட்லாந்து வழியும் சேர்ந்த இடம்.
- வழிபாடு: 1789 ஜெப புத்தகத்தின் திருவிருந்து முறைமையில் தூய ஆவியானவரை அழைக்கும் ஜெபம். சீபரி வழியாக வந்த ஸ்காட்லாந்துத் தொடர்பு.
- மெதடிஸ்ட் பிரிவு: அதே 1784 செப்டம்பரில் மெதடிஸ்ட் இயக்கத் தலைவர் ஜான் வெஸ்லி, பேராயராக இல்லாமலே, தாமஸ் கோக்கை அமெரிக்காவுக்குக் கண்காணிப்பாளராக ஏற்படுத்தினார். அதே ஊழியர் பஞ்சம், வேறு தீர்வு.
- தென்னிந்தியத் திருச்சபை 1947: பேராயர் உள்ள சபையும் இல்லாத சபைகளும் இணைந்தபோது, பேராயர் கைவைக்காத குருப்பட்டம் செல்லுமா என்ற வாதம். சீபரியோடு ஒப்பிட ஒரு பத்தி போதும்.

பட்டியல் சுலபமாக மனதில் நிற்பவர்களுக்கு இந்த முறை எரிச்சலூட்டும். அவர்கள் பழைய வழியிலேயே போகலாம். எனக்குக் கதை இருந்தால்தான் வருஷம் நிற்கும். அடுத்த தாளுக்கு ஜேம்ஸ் தியோடர் ஹாலியை எடுத்திருக்கிறேன். எபிஸ்கோப்பல் திருச்சபையின் முதல் கறுப்பினப் பேராயர், 1874, ஹைட்டி. நோட்ஸ் எடுக்கத் தொடங்கிவிட்டேன்.