மொறிஸ் மைனர் கழகத்தில் ஒரு யாழ்ப்பாணத்தான்

யாழ்ப்பாணத்து ஆட்களுக்குச் சங்கம் ஒன்றும் புதிதில்லை. விமானத்தால் இறங்கி ஒரு வேலை பிடிக்க முந்தியே பழைய மாணவர் சங்கம் தேடி வந்து சந்தா கேட்கும். அப்புறம் ஊர் நலன்புரிச் சங்கம், கோவில் திருவிழா உபயம், பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளி நிர்வாகக் குழு. இங்கிலாந்தில் எனக்குப் பல வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள் இவற்றுக்குள்ளேயே போயின. வேலையிடத்தில் வெள்ளைக்காரர்கள் இருந்தார்கள். மழையைப் பற்றிப் பேசினோம், வெள்ளிக்கிழமை பின்னேரம் கையசைத்துப் பிரிந்தோம். அவர்களில் ஒருவருடைய வீட்டுப் படியையும் நான் மிதித்ததில்லை. அவர்களும் என் வீட்டுக்கு வந்ததில்லை. இதில் யாருக்கும் யார்மேலும் கோபமில்லை. போய்வர ஒரு சாட்டு இருக்கவில்லை, அவ்வளவுதான்.

சாட்டு நாலு சக்கரத்தில் வந்தது. 1965ஆம் ஆண்டு மொறிஸ் மைனர், 1098 சிசி எஞ்சின், நீலம் கலந்த சாம்பல் நிறம். கொவென்ரியில் எங்கள் வீட்டிலிருந்து அரை மணி ஓட்டத்தில், ஒரு முதியவர் தன் கராஜில் மூடி வைத்திருந்தார். பெரியப்பாவிடம் இதே கார் இருந்தது. 1960களின் தொடக்கத்தில் இலங்கை அரசு இறக்குமதியை இறுக்கிப் பிடித்ததால், அதற்கு முன் கப்பலில் வந்த ஆங்கிலேயக் கார்களையே ஊர் முழுக்கப் பல வருடம் பொத்திப் பொத்தி ஓட்ட வேண்டியிருந்தது. வாடகைக்கு ஒஸ்ரின் ஏ40. வாத்தியார்மாருக்கும் டொக்டர்மாருக்கும் மொறிஸ் மைனர். எனவே கொவென்ரிக் கராஜில் அந்தத் துணியை விலக்கியபோது எனக்கு விலை பேசுகிற நிதானம் இருக்கவில்லை.

வீட்டில் வரவேற்பு சுமார்தான். "இஞ்சாருங்கோ, உதில ஹீட்டர் வேலை செய்யுமோ?" என்றுதான் மனைவி முதலில் கேட்டார். நியாயமான கேள்வி. தமிழ்ப் பள்ளியில் ஒரு நண்பர், "அண்ணை, இந்தக் காசுக்கு நல்லதொரு ரொயோட்டா வந்திருக்குமே" என்றார். அதுவும் நியாயம்தான்.

கழகத்தில் சேர்ந்தது ஆர்வத்தால் என்று சொன்னால் பொய். காப்புறுதி மலிவாகும் என்றார்கள், சேர்ந்தேன். மொறிஸ் மைனர் உரிமையாளர் கழகத்துக்கு டார்பி நகரில் அலுவலகம் இருக்கிறது. வீட்டுக்குச் சஞ்சிகை வரும், தொழில்நுட்பச் சந்தேகம் கேட்க ஆள் உண்டு, காரின் பெறுமதியை மதிப்பிட்டுக் கடிதம் தருவார்கள். அந்தக் கடிதத்தைக் காட்டினால், விபத்து நடந்தால் இவ்வளவு தருவோம் என்று காப்புறுதிக்காரர் முன்கூட்டியே ஒப்புக்கொள்வார்கள். இல்லாவிட்டால் அறுபது வயதுக் காருக்குப் பழைய இரும்பு விலைதான். இவ்வளவும் எதிர்பார்த்தது. எதிர்பாராதது, மாதம் ஒருமுறை பப்பில் கூடும் கிளைக் கூட்டம்.

முதல் கூட்டத்துக்குப் போகும்போது வயிற்றைக் கலக்கியது. நான் குடிப்பதில்லை. அறை முழுக்க என் பெரியப்பா வயதுக்காரர். எப்படியும் "நீங்கள் எந்த நாடு?" என்று தொடங்குவார்கள், நான் இலங்கை என்பேன், கிரிக்கெட் என்பார்கள், பிறகு இரண்டு பக்கமும் பேச்சு வற்றும். இந்த நாட்டில் என் அறிமுகங்கள் எல்லாம் அப்படித்தான் போயிருந்தன. தோடம்பழச் சாறு கிளாஸோடு நின்றவனிடம் ஒருவர் வந்து கேட்டது: "உங்களுடையது எந்த வருடம்?" 1965 என்றேன். "அப்படியென்றால் பெரிய எஞ்சின். ட்ரனியனுக்குக் கடைசியாக எப்போது கிறீஸ் அடித்தீர்கள்?"

ட்ரனியன் என்றால் முன்சக்கரத்தைப் பிடித்து வைத்திருக்கும் திருகு மூட்டு. கிறீஸ் இல்லாமல் தேய்ந்தால் ஒருநாள் சக்கரம் மடிந்து கார் மூக்கால் தரையில் குத்தும். எனக்கு இது தெரிந்திருக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை காலை அந்த மனிதர் கிறீஸ் துப்பாக்கியோடு எங்கள் வாசலில் நின்றார். ஓய்வுபெற்ற தபால்காரர், முழங்காலில் பிரச்சினை, ஆனாலும் பழைய கம்பளம் ஒன்றை விரித்துக் குந்தினார். சக்கரத்தில் பாரம் இருக்கும்போது கிறீஸ் உள்ளே போகாது என்று சொல்லி முதலில் ஜாக்கால் தூக்கச் சொன்னார். கிறீஸ் ஏற்ற மேலே ஒரு நிப்பிள், கீழே ஒரு நிப்பிள். துணியால் துடைத்து, துப்பாக்கியைப் பொருத்தி, மெல்ல அழுத்தினார். முதலில் கறுப்பாக, மண்ணோடு சேர்ந்த கிறீஸ் பிதுங்கியது. "நிற்பாட்டாதே," என்றார். கறுப்பு மண்ணிறமாகி, மண்ணிறம் தேன் நிறமாகும்வரை அழுத்தினோம். மனைவி பற்றிஸ் சுட்டுக் கொண்டுவந்தார். அவர் கையைத் துடைத்துவிட்டு நாலு சாப்பிட்டார். என் வீட்டுக்கு வந்த முதல் ஆங்கிலேய விருந்தாளி அவர்.

இந்த ஊர் மனிதர்களோடு நேருக்கு நேர் உட்கார்ந்து பழகுவது கஷ்டம் என்பது என் அபிப்பிராயம். இரண்டு பேருக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு பொருள் வேண்டும். நாயாக இருக்கலாம், தோட்டமாக இருக்கலாம், ரயில் எஞ்சினாக இருக்கலாம். அதைப் பார்த்துக்கொண்டே பக்கவாட்டில் நின்று பேசுவார்கள். மகன் பேசாமல் போனதையும் மனைவியின் புற்றுநோயையும்கூடத் திறந்த பொனற்றுக்குள் தலையை விட்டபடிதான் சொல்வார்கள். எங்கள் ஆட்கள் பேசுவதற்குச் சாட்டே தேவையில்லாதவர்கள். அதனால்தான் இது பிடிபட எனக்கு இவ்வளவு காலம் எடுத்தது.

காரைப் பற்றி அவர்கள் சொல்லித்தந்தவை வேறு கதை. பொனற்றின் நடுவில் நீளமாகத் தட்டையான பட்டி ஒன்று இருக்கும். பெரியப்பாவின் காரில் அதன்மேல் நான் விரலால் கோடு இழுத்து விளையாடியிருக்கிறேன். ஏன் இருக்கிறது என்று யோசித்ததில்லை. காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸுக்குக் கடைசி நேரத்தில் அகலம் போதாது என்று பட்டிருக்கிறது. மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக வெட்டச் சொல்லி, பாதிகளை விலக்கி விலக்கிப் பார்த்து, நாலு அங்குலத்தில் திருப்தியடைந்தாராம். அந்த நாலு அங்குலம்தான் பட்டி. பம்பர்கள் ஏற்கெனவே செய்தாகிவிட்டதால் முதல் கார்களின் பம்பரையும் நடுவில் வெட்டி ஒட்டுப் போட்டார்கள். 1948இல் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்த கார், 1970களின் தொடக்கம் வரை பதினாறு லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. பத்து லட்சத்தைத் தொட்ட முதல் பிரித்தானியக் கார் அதுதான். அதைக் கொண்டாட 350 கார்களை இளம் ஊதா நிறத்தில் விட்டார்கள். கழக விழாக்களில் ஊதாக் கார் ஒன்று நின்றால் அதைச் சுற்றிக் கல்யாண வீட்டுக் கூட்டம்தான்.

இசிகோனிஸ் யார் என்பதைக் கிளைச் செயலாளர் அம்மா எனக்குச் சொன்னார். அவர் பிறந்தது துருக்கியில், இன்று இஸ்மிர் எனப்படும் ஸ்மேர்னாவில். 1922இல் அந்த நகரம் எரிந்த காலத்தில் குடும்பம் பிரித்தானியக் கப்பலில் தப்பி மால்டாவுக்குப் போனது. தகப்பன் அங்கேயே இறந்துபோக, தாயும் மகனும் இங்கிலாந்து வந்து சேர்ந்தார்கள். அந்த அகதிப் பையன்தான் பிறகு மொறிஸ் மைனரையும், 1959இல் வெளிவந்த மினி காரையும் வரைந்தான். செயலாளர் இதை எனக்காக விசேடமாகச் சொல்லவில்லை, ஒரு சாண்ட்விச்சைப் பிரித்தபடி எல்லாருக்கும் பொதுவாகத்தான் சொன்னார். அன்றிரவு நான் மகளை உட்கார வைத்துச் சொன்னேன். "ஓகே அப்பா" என்று போனைப் பார்த்தாள்.

என்னிடமும் அவர்களுக்குக் கொடுக்க ஒரு கதை இருந்தது. E10 பெற்றோல் 2021 செப்டெம்பரில் இங்கே வந்ததிலிருந்து கழகத்தில் அதே புலம்பல்தான். பத்து வீதம் எதனோல், பழைய ரப்பர் குழாய்களைத் தின்றுவிடும், ஆகையால் விலை கூடிய E5 அடிக்க வேண்டும். ஒரு கூட்டத்தில் இந்தப் புலம்பல் எல்லை மீறியபோது, நாங்கள் மண்ணெண்ணெயில் ஓட்டியிருக்கிறோம் என்றேன்.

அறை அமைதியானது. 1990இல் போர் மறுபடி மூண்டபின் வடக்குக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. கிடைத்தால் தங்க விலை. பெரியப்பாவின் கார் மண்ணெண்ணெய்க்கு மாறியது. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பிடிக்காது. ஒரு சிறிய போத்தலில் பொக்கிஷமாக வைத்திருந்த பெற்றோலில் சில துளியைக் கார்ப்ரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் செய்வோம், எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடும். போத்தல் பிடிப்பது என் வேலை. பின்னால் வெள்ளைப் புகை வேலியை மறைக்கும், ஏற்றம் ஏறும்போது எஞ்சின் பல்லைக் கடிக்கும், ஊருக்கே மணக்கும்.

போரைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் இங்கே முகங்கள் மாறிவிடும். பாவம் என்ற பார்வை வரும். பிறகு நான்தான் அவர்களைத் தேற்ற வேண்டியிருக்கும். இவர்கள் கொஞ்ச நேரம் யோசித்தார்கள். "ஸ்பார்க் பிளக் எத்தனை நாள் தாங்கியது?" என்றார் ஒருவர். "எஞ்சின் ஒயிலில் மண்ணெண்ணெய் இறங்கியிருக்குமே?" என்றார் மற்றவர். இறங்கியது, பெரியப்பா அடிக்கடி ஒயில் கம்பியை மணந்து பார்ப்பார் என்றேன். ரைமிங்கைப் பின்தள்ளினீர்களா, அழுத்த விகிதம் குறைந்த பழைய எஞ்சினா என்று பப் மூடும்வரை கேட்டார்கள். என் வாழ்க்கையின் அந்தப் பகுதியை இவ்வளவு கவனமாக வேறு யாரும் விசாரித்ததில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உதிரிப்பாகம் பற்றிய பேச்சில் ஒருவர், "தகடெல்லாம் உங்கள் ஊரிலிருந்துதானே வருகிறது" என்றார். பகிடி என்று நினைத்தேன். பாத் நகரில் மொறிஸ் மைனருக்கென்றே நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார், 1990களில் இலங்கையில் ஒரு தொழிற்கூடத்தோடு சேர்ந்து இந்தக் காரின் தகட்டுப் பாகங்களைச் செய்விக்கத் தொடங்கியிருக்கிறார். அங்கே இன்னும் கார் ஓடுகிறது, கையால் தகடு அடிக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். ஒக்ஸ்போர்ட் கௌலியில் பிறந்த காருக்குத் தென்னிலங்கையில் தோல் தைத்தார்கள். வடக்கில் நாங்கள் பிளக்கைச் சுரண்டிக்கொண்டிருந்த அதே பத்தாண்டில் என்பதையும் மனதுக்குள் போட்டுக்கொண்டேன்.

எல்லாமே இனிப்பு இல்லை. கழகத்தில் பெரும்பாலும் நான் ஒருவன்தான் மண்ணிறம். அவர்களில் சிலர், எங்களைப் போன்றவர்கள் இவ்வளவு பேர் வந்திருக்க வேண்டாம் என்று நினைப்பவர்களாகவும் இருக்கலாம். கேட்டதில்லை, கேட்கப் போவதுமில்லை. ஒரு திருகாணி எந்த வருடத்தது என்று அரை மணி நேரம் வாதிடுகிற சுத்தக்காரர்கள் எல்லாச் சங்கத்தையும் போல இங்கேயும் உண்டு. இளையவர்கள் குறைவு.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு பழைய கார்களை எல்லாரும் தெருவில் இறக்குவார்கள். 1900ஆம் ஆண்டு ஏப்ரல் 23இல் தொடங்கிய ஆயிரம் மைல் ஓட்டத்தின் நினைவாக. எங்கள் கிளை வரிசையாக வோர்விக்‌ஷயர் கிராமங்களுக்குள்ளால் போகும். இறக்கத்தில் அக்சிலேற்றரிலிருந்து கால் எடுத்தால் மைனரின் சைலன்சர் உதட்டால் ஊதுவதுபோல் ஒரு சத்தம் போடும். பத்துக் கார் சேர்ந்து போட்டால் வேலியோரத்து ஆடு திரும்பிப் பார்க்கும். மனைவி இப்போது கம்பளியோடும் ஃபிளாஸ்க்கோடும் முன்சீட்டில் இருக்கிறார். ஹீட்டர் வேலை செய்யும், ஆனால் யாருக்கும் தெரியாமல். அவருடைய மரக்கறி ரோல்ஸுக்குக் கிளையில் முன்பதிவு உண்டு.

இதைப் படித்து ஆசைப்படுகிறவர்களுக்கு: நாற்பது வயது தாண்டிய காரை வரலாற்று வாகனமாகப் பதிந்தால் வீதி வரி கிடையாது, ஆனாலும் வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். பெரிதாக மாற்றியமைக்காத காருக்கு எம்ஓடி என்ற வருடாந்த வாகனப் பரிசோதனை கட்டாயமில்லை. நான் செய்விக்கிறேன், நீங்களும் செய்யுங்கள். லண்டனுக்குள் என் பழைய டீசல் கார் புகைக் கட்டணமாக நாளுக்கு 12.50 பவுண் கட்டியது, மைனர் அந்தக் கட்டணத்தில் ஒரு சதமும் கட்டாமல் போய்வருகிறது. கார் வாங்கும் முன் கழகத்தில் சேருங்கள். பார்க்கப் போகும்போது ஒருவர் காந்தமும் ஸ்குரூட்ரைவருமாகக் கூட வருவார். வெளிப் பெயின்றைப் பார்க்க மாட்டார், நேரே கம்பளத்தைத் தூக்கித் தரையையும், கீழே படுத்து வில்லுத் தகடு தொங்கும் இடத்தையும் குத்திப் பார்ப்பார். அவர் தலையாட்டினால் வாங்கலாம். உதட்டைப் பிதுக்கினால் பேரம் பேசாமல் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். கூலி கேட்க மாட்டார், பெற்றோல் காசும் வாங்க மாட்டார். பற்றிஸ் வாங்குவார்.