காலிகோ கண் முடிந்தது, சிரிக்கும் ஆந்தையின் கண் இன்னும் பாக்கி

ஒரே தாளில் நீர்வண்ணத்தில் இரண்டு கண்கள் வரைகிறேன்: இடப்பக்கம் காலிகோ மெம்னான் என்ற ஆந்தைப் பட்டாம்பூச்சியின் சிறகிலுள்ள கண் போன்ற பொட்டு, வலப்பக்கம் நியூசிலாந்தில் வாழ்ந்து அழிந்துபோன சிரிக்கும் ஆந்தையின் கண். இடப்பக்கம் பிரமாதமாக வந்துவிட்டது.

அந்தப் பொட்டின் உயிரே வெள்ளைக் கீற்றில்தான் இருக்கிறது. மஞ்சள் வளையம், உள்ளே கருவட்டம், அதன் ஓரத்தில் நூல் போல ஒரு பிறை. பிறை விழாதவரை அது வெறும் பொட்டு. விழுந்ததும் நம்மைப் பார்க்கிறது. வெள்ளை விட வேண்டிய இடத்தை மறைக்கும் மாஸ்கிங் ஃப்ளூயிட் போட்டால் விளிம்பு தடிக்கிறது, குவாஷ் என்ற ஒளிபுகாத வெள்ளை வண்ணம் வைத்தால் சுண்ணாம்பாக மங்குகிறது. கடைசியில் கைகொடுத்தது, காய்ந்த கருப்பை ஈரப் பிரஷ் முனையால் மெல்ல எடுப்பதுதான். டியூப் கருப்பு தாளில் ஊறி நின்றுவிடும். பர்ன்ட் அம்பர் பழுப்பும் அல்ட்ராமரைன் நீலமும் கலந்த கருப்பு என்றால் வழவழப்பான ஹாட் பிரஸ் தாளிலிருந்து சுலபமாகக் கிளம்பி வருகிறது.

ஒரு கண் மட்டும் வரைந்ததற்குக் காரணம் உண்டு. இரண்டு சிறகுப் பொட்டும் சேர்ந்து ஆந்தை முகம் முழுசாகத் தெரிவது, சிறகு விரித்துக் குத்திவைத்த பூச்சியைத் தலைகீழாகப் பார்த்தால்தான். உயிரோடு உட்காரும்போது சிறகை மூடிக்கொள்ளும், பக்கத்துக்கு ஒரு கண்தான். ஆனாலும் 2015இல் பின்லாந்து ஆய்வாளர்கள் பட்டாணிக்குருவிகளுக்குத் திரையில் படம் காட்டியபோது, காலிகோவின் பொட்டுகளுக்கும் நிஜ ஆந்தைக் கண்ணுக்கும் அவை ஒரே மாதிரிதான் மிரண்டன.

ஆந்தைப் பக்கம்தான் படுத்துகிறது. 1914இல் கேன்டர்பரியில் செத்துக் கிடந்ததுதான் உறுதியான கடைசிப் பறவை. இருக்கும் புகைப்படங்கள் கருப்பு வெள்ளை. பதப்படுத்திய தோல்களில் கண் மிஞ்சாது. 'கரும் ஆரஞ்சு' என்ற எழுத்துக் குறிப்பு மட்டும்தான் கையில். மரபணு ஆய்வு இதை நினாக்ஸ் பேரினத்தில் சேர்த்ததால், உயிரோடு இருக்கும் சொந்தமான ரூரு ஆந்தையின் கண்ணமைப்பைப் பார்த்து வரைகிறேன். நிறத்துக்கு அது உதவாது, ரூருவுக்கு மஞ்சள் கண். டிரான்ஸ்பரன்ட் ஆரஞ்சு மேல் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பை ஒரு கை பூசினால் ஒளி நிற்கிறது, ஆனால் கருமை போதவில்லை. இன்னொரு கை பூசினால் ஒளி செத்துவிடுகிறது. கீழே மெலிதாக ஒரு சிவப்பு கொடுத்துப் பார்க்கப் போகிறேன்.

அதற்குள் அடுத்த தாளுக்குப் பென்சில் கோடு போட்டாயிற்று: வாழையிலை தின்னும் காலிகோ புழு. நடு அமெரிக்க வாழைத் தோட்டங்களில் அதற்குக் கெட்ட பெயர்தான். சாப் கிரீன் டியூப் காலி, வாங்க வேண்டும்.